கைரேகையைக் கேட்டு வாங்கினார்கள். முகத்தைக் கேட்கவே வேண்டியதில்லை

"ஆதாருக்குப் பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் கொடுத்தாகிவிட்டது. அதே ஆதாரைக் காட்டித்தான் சிம் கார்டும் வாங்கியிருக்கிறேன். இனிப் புனைபெயரில் அரசை விமர்சித்து எழுதுவதும், பேர் தெரியாத ஒருவனாகப் போராட்டக் கூட்டத்தில் நிற்பதும் நடக்கிற காரியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கொடுத்துவிட்ட கைரேகையைக் கொண்டு உங்களைத் தேடிப் பிடிக்க முடியுமா என்பது ஒன்று. எழுதுகிறவர் யார், கூட்டத்தில் நிற்கிறவர் யார் என்பதை அரசு தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் முடியாது என்பதே. இரண்டாவதற்கு, வழி இருக்கிறது; ஆனால் நீங்கள் அஞ்சிப் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் அது இல்லை.

கைரேகையையும் முகத்தையும் ஒப்பிடும் மென்பொருள்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சட்டம் என் துறை அல்ல. சட்டப் பிரிவுகளைத் தொழிலுக்குத் தேவைப்பட்ட அளவில்தான் படித்திருக்கிறேன். உங்கள் மேல் வழக்கு ஏதேனும் இருந்தால், இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரேஷன் கடையில் ஒரு மூதாட்டி விரலை வைக்கிறார். நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் ரேகை மழுங்கிய விரல் அது. முதல் முறை ஏற்காது, இரண்டாம் முறையும் ஏற்காது, கடைக்காரர் ஈரத்துணியால் விரலைத் துடைத்து மறுபடி அழுத்தச் சொல்வார். அந்தக் கருவி அங்கே செய்யும் வேலை சரிபார்த்தல். "நான் இன்னார்" என்று ஒருவர் சொல்கிறார். அந்த ஒருவரின் பதிவோடு மட்டும் விரலை ஒப்பிட்டு ஆம் அல்லது இல்லை என்கிறது. தேடுதல் இதிலிருந்து முற்றிலும் வேறானது. அங்கே யாரும் பெயர் சொல்வதில்லை. ஒரு ரேகையையோ முகத்தையோ கையில் வைத்துக்கொண்டு, "இது யார்?" என்று கோடிக்கணக்கான பதிவுகளிடம் கேட்பது அது. அரசியல் எதிர்ப்புக்கு ஆபத்து இந்த இரண்டாவது வேலையிலிருந்துதான் வருகிறது.

ஆதாரின் கைரேகைத் தொகுப்பை இப்படித் தேடுவதற்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. 2016 ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கைரேகை, கருவிழி ஆகிய அடிப்படைப் பயோமெட்ரிக் தகவல்களை எக்காரணம் கொண்டும் எவரோடும் பகிரக்கூடாது என்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே இதற்கு ஒரு சோதனை வந்துவிட்டது. கோவாவில் ஒரு பள்ளிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ரேகையோடு ஒப்பிட மாநில மக்கள் அனைவரின் கைரேகைகளையும் கேட்டது சிபிஐ. ஆதார் ஆணையமே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் அமைப்பு குற்றப் புலனாய்வுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல என்பதும் அது முன்வைத்த வாதங்களில் ஒன்று. 2014 மார்ச்சில், உரியவரின் ஒப்புதல் இல்லாமல் பயோமெட்ரிக் தகவலை யாருக்கும் தரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கின் கொடுமையை நினைத்தால் சிபிஐ கேட்டதில் தவறென்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். இத்தகைய தொகுப்புகளின் கதவு எப்போதும் மறுக்க மனம் வராத ஒரு காரணத்துக்காகத்தான் முதலில் தட்டப்படுகிறது. அதற்காகவே இந்த வழக்கைச் சொல்கிறேன்.

ஆதார் சட்டத்தில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. அடிப்படைப் பயோமெட்ரிக் தகவல் என்று அது வரையறுப்பது கைரேகையையும் கருவிழியையும்தான். உங்கள் புகைப்படம் அந்த வரையறைக்குள் வருவதில்லை. உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு இருந்தால் பெயர், முகவரி, புகைப்படம் போன்ற அடையாளத் தகவல்களை வெளியிடலாம். தேசப் பாதுகாப்பு என்ற காரணத்துக்குத் தனி விலக்கும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை இருந்த வடிவில் ரத்து செய்தது. 2019 திருத்தம், உத்தரவிடும் அதிகாரியின் நிலையை இணைச் செயலரிலிருந்து செயலருக்கு உயர்த்தி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, நீங்கள் கவலைப்படும் கைரேகைக்குத்தான் பூட்டு பலமாக இருக்கிறது. யாரும் கவலைப்படாத முகத்துக்குப் பூட்டு தளர்வாக இருக்கிறது.

முகம் ஏன் முக்கியம் என்றால், அதை எடுக்க உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. விரலை வைக்க நீங்கள் வர வேண்டும், கண்ணைக் காட்ட நீங்கள் குனிய வேண்டும். முகத்தைத் தெருமுனைக் கேமரா எடுத்துக்கொள்ளும், உங்கள் நண்பர் போட்ட செல்ஃபி எடுத்துக்கொடுக்கும். ஒப்பிடுவதற்கான படமும் ஆதாரில் இருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், காவல் நிலையப் பதிவு என்று பல அலுவலகங்களில் உங்கள் முகம் ஏற்கெனவே இருக்கிறது. 2020 பிப்ரவரி டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவுகளை முகமறியும் மென்பொருளில் ஏற்றி 1,100-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாகச் சொன்னார். ஆதார் பயன்படுத்தப்படவில்லை என்றும் பின்னர் விளக்கினார். அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆதார் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

டெல்லிக் காவல்துறையிடம் அந்த மென்பொருள் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். காணாமல் போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக அது வாங்கப்பட்டது. குழந்தைகள் விஷயத்தில் அதன் துல்லியம் 2 சதவீதம் என்று அந்த ஆண்டே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மறு ஆண்டு 1 சதவீதத்துக்கும் கீழே என்றும், சில வேளைகளில் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும்கூடப் பிரித்தறியவில்லை என்றும் சொல்லப்பட்டது. ஆனால் 2019 டிசம்பர் 22 அன்று ராம்லீலா மைதானத்தில் பிரதமர் பேசிய கூட்டத்துக்கு வந்தவர்களின் முகங்களை, அதற்கு முன் போராட்டங்களில் படம் பிடித்துத் தொகுத்த முகங்களோடு ஒப்பிட அதே மென்பொருள் பயன்பட்டதாக இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. குழந்தையைத் தேட வாங்கிய கருவி, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்தவரைத் தேடும் கருவியாக மாற இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

இந்த மென்பொருளின் திரையை உங்கள் கண்முன் கொண்டுவர முயல்கிறேன். இடப்பக்கம் கேமராவில் வெட்டியெடுத்த ஒரு முகம், பெரும்பாலும் மங்கல், பாதி திரும்பியது. வலப்பக்கம் கிடைத்த முகங்களின் வரிசை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு மதிப்பெண். மேலே நகர்த்தும் கோடு ஒன்று இருக்கும், அதுதான் வரம்பு. வரம்பை 90-இல் வைத்தால் திரை காலியாக இருக்கலாம். 80-க்கு இறக்கினால் நான்கு பேர் வருவார்கள், 70-க்கு இறக்கினால் நாற்பது பேர். வரம்பே வைக்காவிட்டால், தேடப்படும் ஆள் தொகுப்பிலேயே இல்லாதபோதும், இருப்பவர்களில் யார் அதிகம் ஒத்திருக்கிறாரோ அவரை முதலிடத்தில் நிறுத்தும். "யாருமில்லை" என்று அது தானாகச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வைப்பது அந்தக் கோட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான். கோட்டை நகர்த்தும் கை மனிதருடையது. மேலிடத்திலிருந்து பெயர் கேட்டு அழுத்தம் வரும் நாளில் அந்தக் கை எந்தப் பக்கம் நகரும் என்பதை நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். 80 சதவீத ஒற்றுமை இருந்தால் பொருத்தமாகக் கொள்கிறோம் என்று டெல்லிக் காவல்துறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலளித்திருக்கிறது. அந்த 80, "இவர்தான் என்பதற்கு 80 சதவீத வாய்ப்பு" என்று பொருள்படாது. அது மென்பொருள் போடும் மதிப்பெண் மட்டுமே. ஒரு நிறுவனத்தின் 80-ம் இன்னொரு நிறுவனத்தின் 80-ம் ஒன்றல்ல.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ஒப்பீட்டுக்கு ஒரு தவறு என்பது கேட்க மிகச் சிறந்த மென்பொருளாகத் தோன்றும். ஆறு கோடி முகங்கள் உள்ள தொகுப்பில் அதைக் கொண்டு ஒரே ஒரு முகத்தைத் தேடினால், சம்பந்தமே இல்லாத 600 பேர் பொருந்தி வருவார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்களின் தவறான பொருத்தம் வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அதற்குப் பிறகு மென்பொருள்கள் மிகவும் மேம்பட்டிருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் துல்லியம் கூடுவது உங்கள் கேள்விக்கு ஆறுதல் அல்ல. தவறான மென்பொருள் போராடாதவரைப் பிடித்துக்கொடுக்கிறது. சரியான மென்பொருள் போராடியவரைப் பிடித்துக்கொடுக்கிறது.

இரண்டாவது வகைக்குத் தெளிவான நீதிமன்றப் பதிவு ரஷ்யாவில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் மாஸ்கோ மெட்ரோவில் ஒருவர், சிறைத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஒரு போராட்டக்காரரின் ஆளுயர அட்டை உருவத்தைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்தார். ஒரே ஆள், கோஷம் இல்லை, யாருக்கும் இடையூறு இல்லை. டெலிகிராமில் வந்த அந்தக் காட்சியைக் கண்ட காவல்துறை சில நாட்களில் அவரை மெட்ரோ நிலையத்திலேயே பிடித்தது. அவருக்கு 20,000 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது. முகமறிதலைப் பயன்படுத்தித்தான் பிடித்தார்கள் என்பதை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, அவருடைய தனிவாழ்வுக்கான உரிமையும் கருத்துரிமையும் மீறப்பட்டதாக 2023 ஜூலை 4 அன்று தீர்ப்பளித்தது. குளுகின் எதிர் ரஷ்யா என்பது வழக்கின் பெயர். ஊர்வலத்தில் பேர் தெரியாமல் நிற்பது இனி முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, கேமராவும் தொகுப்பும் இணைந்த நகரங்களில் அதை முன்போல் நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் காவல்துறைக்கு முகமறியும் மென்பொருள் வந்தது. குற்றப் பதிவுகளில் உள்ள படங்களோடு ஒப்பிடுவதற்கானது அது. ரோந்துக் காவலரின் கைப்பேசியிலேயே செயல்படுவது. 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள் வெளியாள் நுழைந்த செய்தியும் வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். மின்விளக்கு அணைந்தபோது ஆயிரக்கணக்கான கைப்பேசி விளக்குகள் எரிந்த அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. அடையாளம் தெரியாத பல்லாயிரம் பேராக இருந்ததே அதன் பலம். வீட்டில் சொல்லாமல் வந்த மாணவியும், அலுவலகத்தில் சொல்லாமல் வந்த ஒப்பந்த ஊழியரும் அந்த நம்பிக்கையில்தான் மணலில் உட்கார்ந்தார்கள். அதே கடற்கரையில் இன்று உட்காரும் மாணவி அந்த நம்பிக்கையோடு உட்கார முடியுமா என்பதே என் கவலை.

"துணிவிருந்தால் பெயரைப் போட்டு எழுது, முகத்தைக் காட்டிப் போராடு" என்பார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1908 ஆகஸ்ட் 16 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைத் தீயிட்ட இந்தியர்கள், ஆசியர்களின் கைரேகையைக் கேட்ட டிரான்ஸ்வால் சட்டத்தைத்தான் எதிர்த்தார்கள். அந்த நெருப்புக்கு ஆறு மாதம் முன்பு காந்தியோடு சேர்ந்து அடிபட்ட அவரது போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும், தெருத்தெருவாகக் கூவி விற்ற தமிழ் வியாபாரிகளும் திரும்பத் திரும்பச் சிறை சென்றார்கள். பயோமெட்ரிக் பதிவுக்கு எதிரான தொடக்ககாலப் பெரும் அரசியல் போராட்டங்களில் ஒன்றில் தமிழர்கள் முன்வரிசையில் நின்றது நாம் அதிகம் பேசாத வரலாறு. ஆனால் அவர்கள் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்: கடை போயிற்று, நாடு கடத்தப்பட்டார்கள், பின்னர் வேறு கோரிக்கைகளோடு தொடர்ந்த போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். அந்த விலையைத் தாமாக ஏற்றவர்களை வணங்கலாம். அதைக் கொடுக்க முடியாதவர் வாயே திறக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டே மணல் கொள்ளையைப் பற்றி எழுதுகிறவருக்குப் புனைபெயர் கோழைத்தனம் அல்ல. அது அவர் பிள்ளைகளின் சோறு.

போராட்டத்தில் கைதானால் நிலைமை வேறாகிறது. 1920 கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022 குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைது செய்யப்பட்டவரின் விரல், உள்ளங்கை, பாத ரேகைகள், புகைப்படம், கருவிழி, விழித்திரை, கையெழுத்து என்று பலவற்றை எடுக்க அனுமதிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கும். இருபது வயதில் கைதான மாணவிக்கு அது 95 வயது வரை. தடை உத்தரவை (பழைய 144ஆம் பிரிவு) மீறியதற்காக மட்டும் பிடிபட்டவரிடம் இந்த அளவுகளை (சட்டம் இவற்றுக்கு வைத்த பெயர் அது) எடுக்கக்கூடாது என்று விதிகள் சொல்கின்றன. ஆனால் வேறு குற்றமும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நம் ஊரில் ஊர்வலம் போனவர்கள் மீது தடை மீறலோடு சட்டவிரோதக் கூட்டம், வழிமறித்தல் என்ற பிரிவுகளும் வழக்கமாகவே சேர்க்கப்படும் என்பது போராட்டத்துக்குப் போன யாருக்கும் தெரியும். முன்பு தண்டனை பெறாதவர் விடுவிக்கப்பட்டால், மேல்முறையீடுகள் முடிந்த பின், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, பதிவுகளை அழிக்க வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. அழித்துவிட்டார்களா என்று கேட்பவர்கள்தான் மிகக் குறைவு.

இனி உங்கள் புனைபெயர். அதைக் கைரேகையால் யாரும் உடைக்கப் போவதில்லை. கணக்கைத் தொடங்கக் கொடுத்த கைப்பேசி எண், நுழைந்த இணைய முகவரி, இவற்றை அரசு சட்டப்படி நிறுவனங்களிடம் கேட்டுப் பெறலாம். எண்ணிலிருந்து சிம், சிம்மிலிருந்து நீங்கள். பயோமெட்ரிக் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முன்பெல்லாம் அந்தக் கண்ணி யாரோ ஒருவரின் மங்கலான நகலாவணமாக இருந்தது. இப்போது விரலோடு கட்டப்படுகிறது. சிம்முக்கு ஆதாரைக் கட்டாயமாக்கியதை 2018 தீர்ப்பு செல்லாது என்றது. ஆனால் 2023 தொலைத்தொடர்புச் சட்டம், அரசு அறிவிக்கும் சேவைகளில் பயனாளரைப் பயோமெட்ரிக் அடிப்படையில் அடையாளம் காண வேண்டும் என்கிறது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க வழி வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமைக்குள் பெயர் சொல்லாமல் அரசியல் பேசும் உரிமை எவ்வளவு தூரம் அடங்கும் என்பது அமெரிக்காவில் 1995 மெக்கின்டயர் வழக்கில் (பெயர் போடாத அரசியல் துண்டறிக்கைக்கு உரிமை உண்டு என்று) முடிவானதுபோல் இங்கே நேரடியாக முடிவாகவில்லை.

உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவிடுகிறேன். கைரேகைத் தொகுப்பைச் சட்டம் பூட்டியிருக்கிறது, முகமறிதலுக்கு இங்கே தனிச் சட்டம் இல்லை, போராட்டங்களோடு தொடர்புடைய விசாரணையில் அது பயன்பட்டிருக்கிறது: இவை உறுதி. ஆதாரின் கைரேகையைக் கொண்டு போராட்டக்காரர்களைத் தேடினார்கள் என்பதற்குப் பொதுவெளியில் ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லிப் பரவும் செய்திகளை நான் பகிர்வதில்லை, அவை மக்களை அஞ்சவைத்து வாயடைப்பதற்கே உதவுகின்றன. வெவ்வேறு துறைகளின் முகத் தொகுப்புகள் எந்த அளவுக்கு இணைந்து கிடக்கின்றன என்பது அரசு வெளியிட்டாலொழிய என் போன்றவர்களால் வெளியிலிருந்து அளக்க முடியாதது. இன்றைய அரசு தவறாகப் பயன்படுத்தாது என்று நீங்கள் நம்பினாலும், தொகுப்பு அரசைவிட நீண்ட காலம் வாழும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய கையடக்கப் பயோமெட்ரிக் கருவிகள் 2021 ஆகஸ்டில் தாலிபான் கையில் சிக்கியதாகச் செய்தி வந்தபோது, அவற்றில் விரல் வைத்தவர்களுக்கு விரலை மாற்றிக்கொள்ள வழி இருக்கவில்லை.

உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் ரேகையை வைத்து வேறு யாரும் ஆதார் சரிபார்ப்பு செய்ய முடியாமல் தடுக்கும் பயோமெட்ரிக் பூட்டைப் போட்டு வையுங்கள். அது மோசடியைத் தடுக்கும், முகமறிதலைத் தடுக்காது. எழுதும் கணக்கை உங்கள் சொந்த எண்ணோடும், அன்றாடம் புழங்கும் மின்னஞ்சலோடும் இணைக்காதீர்கள். கைதாகி விடுதலையான நண்பர் இருந்தால், அவருடைய அளவுகள் அழிக்கப்பட்டனவா என்று வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டக் காவல்துறை எந்தத் தொகுப்போடு முகங்களை ஒப்பிடுகிறது, எந்த வரம்பில், யார் உத்தரவில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். டெல்லியின் அந்த 80 அப்படி ஒரு மனுவால்தான் வெளியே வந்தது. கூட்டத்துக்குப் போனால் படம் எடுக்கும்போது மேடையையும் பதாகையையும் எடுங்கள். பக்கத்தில் நிற்பவரின் முகம் அதில் விழுந்திருந்தால், பகிர்வதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் வந்தவராக இருக்கலாம்.